செவ்வாய்க்கிழமை வருகிறவரிடம் என்ன கேட்பது?

மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, லண்டனில் ஒரு பாலியல் நலக் கிளினிக்கில் ஆறு மாதமாக நர்ஸாக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கெம்செக்ஸ் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. ஊரில் போதை மறுவாழ்வு மையத்தில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே கற்றது எதுவும் இங்கே ஒட்டவில்லை. போன வாரம் ஒருவர் பேச்சின் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். 'ஏன் இதையெல்லாம் விட்டுவிடக் கூடாது?' என்றுதான் கேட்டேன். நான் எங்கே தவறினேன்?"

தம்பி, எழுந்து போனவரைப் பற்றிக் கடைசியில் பேசலாம். நான் பதினான்கு வருடமாக இந்த ஊரில் இதே மாதிரிக் கிளினிக்குகளில் ஹெல்த் அட்வைசராக வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இன்றைக்கு வந்தவர் மறுபடி வருவாரா? போதையை விட்டாரா, குறைத்தாரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். திரும்பி வருகிறவருக்குத்தான் நம்மால் ஏதாவது செய்ய முடியும். கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இதை மனதில் வைத்தே படியுங்கள்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், அந்த உறவுக்காகவே சில குறிப்பிட்ட பொருட்களை எடுப்பதைத்தான் கெம்செக்ஸ் என்கிறோம். பொருட்கள் முக்கியமாக மூன்று: கிரிஸ்டல் மெத்தம்பெட்டமைன், மெஃபெட்ரோன், அப்புறம் ஜிஎச்பி அல்லது ஜிபிஎல். உங்களிடம் வருகிறவர்கள் 'டீனா', 'மெஃப்', 'ஜி' என்பார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து 'கெம்ஸ்'. யாரோ ஒருவர் வீட்டில் கூடுவதற்குப் பெயர் 'சில்-அவுட்'. வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரைகூடப் போகும். சனிக்கிழமை நாலு பியர் குடித்துவிட்டு உறவு கொள்வதைக் கெம்செக்ஸ் என்று எழுதிவைக்காதீர்கள். கிளப்பில் ஆடுவதற்காக மாத்திரை போடுவதும் வேறு.

இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராக அறியப்படுபவர் டேவிட் ஸ்டூவர்ட். தானும் இதில் சிக்கி மீண்டவர். எல்ஜிபிடி மக்களுக்கான லண்டன் ஃப்ரெண்ட் அமைப்பின் ஆன்டிடோட் என்ற போதை உதவிச் சேவையிலும், பிறகு சோஹோவில் இருக்கும் 56 டீன் ஸ்ட்ரீட் கிளினிக்கிலும் வேலை பார்த்தார். 2022 ஜனவரியில் இறந்தார். இன்றைக்கு நாம் இந்த வேலையைச் செய்யும் முறையில் பாதி அவர் போட்ட பாதை. போதைப்பொருளையும் பாலுறவையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரே நாற்காலி என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2014 வாக்கில் லாம்பெத், சவுத்வர்க், லூவிஷம் பகுதிகளில் 30 ஆண்களிடம் விரிவாகப் பேசி ஓர் ஆய்வு வெளியான பிறகுதான் ஊர் முழுக்க இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அதற்கு முன்னால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். போதை மையத்துக்குப் போனால் அங்கே ஹெராயினும் மதுவும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 'ஜி' என்றால் என்னவென்று வந்தவரே பாடம் எடுக்க வேண்டியிருந்தது. உறவைப் பற்றிச் சொல்ல வாய் வராது. பாலியல் கிளினிக்குக்கு வந்தால் நாங்கள் கொனோரியாவுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டோம். ஒரே மனிதர் வருடத்துக்கு நாலு முறை எங்களிடம் ஊசி போட்டுக்கொண்டு போயிருப்பார். வீக்கெண்டில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டோம். ஊரில் நீங்கள் கற்றது ஒட்டாததும் இதனால்தான். அங்கே போதையை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிடலாம் என்று நினைத்து வேலை செய்திருப்பீர்கள். இவர்களிடம் அதை எடுத்தால் கூடவே உறவு, நண்பர்கள், தன் உடம்பைத் தானே சகித்துக்கொள்ள முடிகிற அந்தச் சில மணி நேரம், எல்லாம் சேர்ந்து வெளியே போய்விடும்.

அந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாற்பது, ஐம்பது வயதில் உங்கள் முன் உட்காருகிற வெள்ளைக்காரரைப் பாருங்கள். 1988 முதல் 2003 வரை இங்கிலாந்தில் 'செக்‌ஷன் 28' என்று ஒரு சட்டம் இருந்தது. தன்பாலீர்ப்பை உள்ளாட்சிகள் ஊக்குவிக்கக் கூடாது என்றது அது. அந்தப் பயத்தில் பள்ளிகளில் ஆசிரியர்கள் வாயே திறக்கவில்லை. அதே காலத்தில் எய்ட்ஸ். பதின்மூன்று வயதில் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்ட பையனுக்கு டிவியில் காட்டியது கல்லறை. அப்படி வளர்ந்தவருக்கு முப்பது வயதில் ஒரு பொருள் கிடைக்கிறது; எடுத்த பத்து நிமிடத்தில் கூச்சம், பயம், 'என்னை யாருக்குப் பிடிக்கும்' என்ற எண்ணம் எல்லாம் காணாமல் போகிறது. அவருக்கு அது போதையாகத் தெரியவில்லை, விடுதலையாகத் தெரிந்தது. இதைப் புரிந்துகொண்டால் 'ஏன் விடக் கூடாது' என்ற கேள்வி உங்கள் வாயில் வராது.

சரி, முதல் சந்திப்பு. தலைப்பில் செவ்வாய்க்கிழமை என்று போட்டதற்கு இரண்டு காரணம். ஒன்று, வீக்கெண்ட் முழுவதும் மூளையில் இருந்த சந்தோஷத்தை எல்லாம் வழித்துச் செலவழித்த பிறகு, திங்கள் தூங்கி எழுந்து, செவ்வாய், புதனில்தான் அடிவயிற்றைக் கவ்வும் இருட்டு வரும். அவர்களே அதற்குத் 'தற்கொலைச் செவ்வாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே கேட்டே ஆக வேண்டும், சுற்றி வளைக்காமல்: "செத்துப்போகலாம் என்று தோன்றியதா? எப்படி என்று யோசித்தீர்களா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்டதற்காக யாரும் என்னிடம் கோபப்பட்டதில்லை. ஒருவர் மட்டும் நெடுநேரம் ஜன்னலையே பார்த்துவிட்டு, "இதைக் கேட்கத்தான் வந்தேன் போல" என்றார்.

இரண்டாவது காரணம் கணக்கு. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சனி இரவு பத்து மணிக்கு நடந்தது என்றால் செவ்வாய் இரவு பத்தோடு கதவு மூடிவிடும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதனால் செவ்வாயன்று ஒருவர் வாசலில் நின்றால் "புதன் காலை அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது" என்று ரிசப்ஷனில் சொல்லி அனுப்பக் கூடாது. உங்கள் ரிசப்ஷன்காரர்களுக்கு இதை நீங்களே சொல்லிக்கொடுங்கள். பெப் 28 நாள்; அது முடிந்ததும், தொற்று வராமல் முன்கூட்டியே தினமும் போடும் பிரெப் மாத்திரைக்கு வழி பண்ணிவிடுங்கள். மற்றப் பரிசோதனைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: தொண்டை, ஆசனவாய், சிறுநீர் மூன்றும், சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் சி. வயிற்றுப்போக்கு என்றால் ஷிகெல்லா என்ற குடல் தொற்றை நினையுங்கள். தடுப்பூசி எது பாக்கி என்று பார்த்து அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

கேள்விகளுக்கு வருவோம். படிவத்தை எடுத்து, "எந்தப் போதை, எத்தனை முறை" என்று தொடங்கினால் போலீஸ் விசாரணை போல இருக்கும். நான் வீக்கெண்டில் தொடங்குவேன். "வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் என்ன ஆயிற்று, அங்கிருந்து சொல்லுங்களேன்." டேட்டிங் ஆப்பில் யார் செய்தி அனுப்பினார், எந்தப் பக்கம் போனார், எத்தனை மணிக்கு முதலாவது, எப்போது சாப்பிட்டார், எப்போது தூங்கினார், எப்படி வீடு திரும்பினார் என்று கதையாக வரும். நடுவில் வேண்டியதெல்லாம் தானாக விழும். விழாத மூன்றை மட்டும் தனியாகக் கேட்பேன். 'ஸ்லாம்', அதாவது ஊசியில் ஏற்றுவது, உண்டா? எப்போதாவது நினைவு தப்பியதா? கடைசியாக எதுவும் எடுக்காமல் உறவு கொண்டது எப்போது? மூன்றாவது கேள்விக்கு வரும் மௌனம்தான் பெரும்பாலும் நம்முடைய உண்மையான வேலை தொடங்கும் இடம். "நாலு வருடம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தானே சொன்னதைக் கேட்டு அதிர்ந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் பிடித்தது எது என்றும் கேளுங்கள். நமக்கு அது சங்கடமாக இருக்கலாம். ஆனால் பிடித்ததைச் சொல்ல இடமில்லாத அறையில் பிடிக்காததையும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதையெல்லாம் கேட்பதற்கு முன்பே ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். "இங்கே பேசுவது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ, இன்னொருவருக்கோ, ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நான் இன்னொருவரிடம் பேச வேண்டியிருக்கும். அப்போதும் முதலில் உங்களிடம் சொல்வேன்." மூன்றே வரி. சொல்லாமல் விட்டுவிட்டுப் பிறகு சொன்னால் அது துரோகமாகிவிடும்.

இனி ஜி. எனக்கு இரவில் தூக்கம் கெடுவது இதனால்தான். மூன்றில் சட்டென்று கொல்வது இதுவே. ஜிபிஎல் உடம்புக்குள் போய் ஜிஎச்பியாக மாறுகிறது. ஒரே அளவுக்கு ஜிஎச்பியைவிட வேகமும் வலுவும் அதிகம். இதில் கிறக்கத்துக்கும் மயக்கத்துக்கும் நடுவே ஒரு மில்லியில் ஒரு பங்குதான் இடைவெளி. பாட்டிலுக்குப் பாட்டில் வலு மாறும். ஏற அரை மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், 'ஒன்றும் தெரியவில்லையே' என்று இன்னொரு முறை எடுப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஏறும். மது உள்ளே இருந்தால் மூச்சு நின்றுபோகும்.

ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டிக் காட்டினார். நேரம் குறித்து வைப்பது நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, நோட்ஸில் எழுதியிருந்தார். 11.40. அடுத்த வரி 2.00. அதற்கடுத்து 2.50, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. "இது என்ன?" என்றேன். "எடுத்தேனா, எடுக்கலாம் என்று நினைத்தேனா தெரியவில்லை" என்றார். அதன் பிறகு எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் கண் விழித்தபோது மணி எட்டு. முன்பின் தெரியாத ஒருவர் அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்திருந்தார். அந்த முகம் தெரியாத மனிதர்தான் அவர் உயிரைக் காப்பாற்றியவர். அன்றைக்கு நாங்கள் இருவரும் போதையை விடுவதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தக் கேள்விக்குறியை எப்படி வராமல் செய்வது என்று மட்டும்தான் பேசினோம். ஊசியில்லாத, அளவுக்கோடு போட்ட சிரிஞ்சால் அளப்பது. மூடியாலோ கண் மதிப்பாலோ ஒருபோதும் கூடாது. தன்னுடையதைத் தானே அளப்பது, இன்னொருவர் கையால் வாங்கிக் குடிப்பதில்லை. எடுத்த பிறகு எழுதாமல் எடுப்பதற்கு முன் எழுதுவது. போனில் அலாரம், குறைந்தது இரண்டு மணி நேரம், மூன்று என்றால் இன்னும் நல்லது. நேரம் போகப் போக உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் பின்னிரவில் இடைவெளி கூட வேண்டும். சந்தேகம் வந்தால் எடுத்ததாகவே கணக்கு. மது அறவே இல்லை. தனியாக இருக்கும்போது இல்லை.

கூட இருப்பவர் மயங்கினால் 'தூங்கட்டும், சரியாகிவிடும்' என்று பக்கத்து அறையில் போட்டுவிட்டுப் போவதால்தான் பலர் இறந்திருக்கிறார்கள். கூப்பிட்டும் கிள்ளியும் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 999 கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஹெராயின் மாதிரி ஓபியாய்டுகளின் மயக்கத்தை முறிக்கும் நலாக்ஸோன் ஜி-க்கு வேலை செய்யாது. ஆனால் வேறு ஏதாவது ஓபியாய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் கொடுப்பதில் நஷ்டமில்லை. போலீஸ் வருமோ என்ற பயம்தான் எல்லோரையும் தடுக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து ஜிஎச்பியும் ஜிபிஎல்லும் இங்குள்ள போதைச் சட்டத்தில் பி வகுப்பு. கிரிஸ்டல் அதைவிடக் கடுமையான ஏ வகுப்பு. வைத்திருந்தாலே குற்றம்தான், அதை மறைக்க வேண்டாம். பொதுவாக ஆம்புலன்ஸ்காரர்கள், ஒருவர் போதை எடுத்தார் என்பதற்காகப் போலீஸைக் கூப்பிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைத் தவறவிட்டால் ஆள் போய்விடுவார். வீக்கெண்டில் மட்டும் எடுப்பவர் ஒரு வகை. நாள் முழுக்க, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, வேலையிலும்கூட எடுப்பவர் இன்னொரு வகை. பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஜி எடுக்கிறீர்களா?" ஆமாம் என்றால், திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், அவரே நிறுத்துகிறேன் என்றாலும் விடாதீர்கள். சில மணி நேரத்திலேயே வியர்வை, நடுக்கம், பிறகு குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு வரை போகும். மருத்துவ மேற்பார்வையில் டயஸிபாம் மாதிரி மருந்தும் பேக்லோஃபெனும் கொடுத்துத்தான் இறக்க வேண்டும். அன்றைக்கே போதை மருத்துவரிடம் பேசுங்கள். அறிகுறி தொடங்கிவிட்டிருந்தால் அவசரப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். ஊரில் மதுவுக்கு இது மாதிரி பார்த்திருப்பீர்கள். அங்கே கற்றது இங்கே அப்படியே கைகொடுக்கும்.

கிரிஸ்டல் வேறு மாதிரி அரிக்கும். மூன்று இரவு தூங்காதவர் மேல்வீட்டில் தன்னைப் பற்றிப் பேசுவது கேட்கிறது என்பார், போனில் யாரோ புகுந்துவிட்டார் என்பார். வாதாடாதீர்கள். ஆமாம் போடவும் வேண்டாம். "அது ரொம்பப் பயமாக இருந்திருக்கும். கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?" என்று கேளுங்கள். பலருக்கு நாலைந்து நாள் தூக்கத்தில் தெளியும். தெளியாவிட்டால், அல்லது தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால், மனநல அவசரக் குழு. கிரிஸ்டலையோ மெஃபையோ ஊசியில் ஏற்றுவதை 'ஸ்லாம்' என்பார்கள். ஊசி என்ற சொல்லே பிடிக்காது. ஆகவே "ஊசி போடுவீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பவர், "ஸ்லாம் உண்டா?" என்றால் ஆமாம் என்பார். முழங்கையைப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டுப் பாருங்கள். யாரோ தனக்குப் போட்டுவிட்டார் என்பதுதான் பெரும்பாலான கதை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் என்று பிரித்துக்கொள்ளும்படி நிறநிறமாக சிரிஞ்சுகள் கிடைக்கின்றன. அரையிருட்டில் யாருடையது எது என்ற குழப்பம் வராது. ஹெபடைடிஸ் சி வந்துவிட்டால், இப்போது எட்டு முதல் பன்னிரண்டு வார மாத்திரையில் அநேகமாக எல்லோருக்கும் குணமாகிவிடுகிறது என்று தைரியம் சொல்லுங்கள். ஆனால் மறுபடி வரலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எச்ஐவிக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மாத்திரையின் பெயரைக் கேட்டே ஆக வேண்டும். ரிட்டோனவிர் அல்லது கோபிசிஸ்டாட் அதில் இருந்தால், அது உடம்பில் பல கெம்ஸின் அளவை ஏற்றிவிடும், வயாகராவையும் ஏற்றிவிடும். நேற்றுவரை தாங்கிய அளவு இன்றைக்குத் தாங்காது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் மருந்து மோதல் பக்கத்தைத் திறந்து அவரோடு சேர்ந்து பாருங்கள். வயாகராவும், முகர்ந்து இழுக்கும் பாப்பர்ஸும் ஒன்றாகப் போனால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

சம்மதம் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முடியாது. மயக்கத்தில் கிடந்த ஒருவருக்கு நடந்ததை அவரே 'என் தப்புதான், நானாகத்தானே போனேன்' என்று சொல்லுவார். ஆண் என்பதால், அதுவும் கெம்ஸ் எடுத்தவர் என்பதால், நம்ப மாட்டார்கள் என்ற பயம் ஆதாரம் இல்லாதது இல்லை. 2014, 2015இல் கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியில் நான்கு இளைஞர்களை ஸ்டீஃபன் போர்ட் என்பவன் ஜிஎச்பி கொடுத்துக் கொன்றான். போலீஸ் சரியாக விசாரிக்காததும் பின்னால் நடந்த கொலைகளுக்கு அநேகமாக ஒரு காரணம் என்று 2021இல் மரண விசாரணை நடுவர்கள் சொன்னார்கள். அந்தச் செய்தி இங்கே எல்லோர் நினைவிலும் இருக்கிறது. ஆகவே நான் "பலாத்காரம்" என்ற சொல்லை நானாக ஒட்டுவதில்லை. "நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இருந்தீர்களா?" என்று கேட்பேன். அதற்கு இல்லை என்றால், "மயங்கிக் கிடப்பவர் சம்மதிக்க முடியாது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது" என்று மெதுவாகச் சொல்வேன். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான ஹேவன்ஸ் மையங்களில் போலீஸுக்குச் சொல்லாமலேயே தடயம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வன்முறைக்கு ஆளான எல்ஜிபிடி மக்களுக்கு உதவும் கேலப் அமைப்பில் பேசலாம். எது வேண்டும் என்று தேர்வு செய்வது அவர். ஒருமுறை அவர் கையிலிருந்து முடிவு பிடுங்கப்பட்டுவிட்டது. நாமும் பிடுங்கக் கூடாது.

நம்மவர்கள் வரும்போது உங்களுக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. ஒருநாள் ஓர் இளைஞர் உள்ளே வந்து உட்காரும் முன் என் பேட்ஜில் இருந்த பெயரைப் படித்தார். அவர் கை நாற்காலியின் முதுகிலேயே நின்றுவிட்டது. பெயரைப் பார்த்ததும் கோயில், கல்யாண வீடு, யாருக்கு யார் சொந்தம் என்று அவர் மனம் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. நான் ஆங்கிலத்திலேயே பேசினேன். "வேறு ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதே மாற்றித் தருகிறேன், காரணம் சொல்லத் தேவையில்லை. என்னையே பார்ப்பதென்றால் ஒரு வாக்கு. வெளியே எங்கே பார்த்தாலும் நீங்களாகப் பேசாத வரை எனக்கு உங்களைத் தெரியாது." அவர் உட்கார்ந்தார். அப்புறம் தமிழில்தான் பேசினார், உறவு பற்றிய பேச்சு வந்தபோது மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவினார். தாவட்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் எழுதிய தீர்ப்புக்குப் பிறகு, தமிழ்நாடு அரசு 2022இல் மதிப்பான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 'தன்பாலீர்ப்பு' போன்ற சொற்களை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் வருகிறவர் எந்தச் சொல்லோடு வருகிறாரோ அந்தச் சொல்லையே நாமும் எடுத்துக்கொள்வதுதான் மரியாதை.

தமிழில் பேசும்போது நம்மை அறியாமல் விழும் சொற்களும் இருக்கின்றன. "திருந்திட்டீங்களா?", "கெட்ட பழக்கம்", பரிசோதனை நெகட்டிவ் என்றால் "சுத்தமா இருக்கீங்க". ஒவ்வொன்றும் கன்னத்தில் ஒரு அறை. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் போன் வழியாக, வேறு ஊரிலிருந்து, நோயாளியின் பெயர் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். உறவினரை ஒருபோதும் வேண்டாம். இலங்கையிலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டிருப்பவர் என்றால் பயம் இரட்டிப்பு. அங்கே ஆணோடு ஆண் உறவு இன்னும் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் பால்வினை நோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் எவருக்கும் இலவசம், 2012 அக்டோபரிலிருந்து எச்ஐவி சிகிச்சையும் விசா நிலை பாராமல் இலவசம் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மாற வேண்டும் என்று அவரே சொல்லும் நாள் வரும். அன்றைக்கு "இனி வாழ்நாளில் தொட மாட்டேன்" என்பதை வாங்கிவைக்காதீர்கள். நான் கேட்பது: "அடுத்த வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருப்பீர்கள்?" ஏக்கம் ஒரு குறிப்பிட்ட மணியில், குறிப்பிட்ட இடத்தில் வரும். சம்பள நாள், காலி வீடு, ஆப்பின் மணிச் சத்தம். அதற்கு ஒரு திட்டம்: ஆப்பை வெள்ளி மதியமே எடுத்துவிடுவது, டீலரின் எண்ணைத் தடுத்துவைப்பது, ஆறு மணிக்கு ஒரு நண்பரோடு சாப்பாடு. ஒரு வீக்கெண்ட், அப்புறம் ஒரு மாதம். நாம் எல்லோரும் மறந்துவிடுகிற பகுதி, எதுவும் எடுக்காத உறவு. வருடக்கணக்கில் கெம்ஸோடு மட்டுமே உறவு கொண்டவருக்கு நிதானத்தில் தொடுவது பயமாக இருக்கும், சப்பென்று இருக்கும், விறைப்பும் வராமல் போகலாம். இது சில மாதம் ஆகும், மூளை மெதுவாகத்தான் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், முதல் ஏமாற்றத்திலேயே பழைய வீட்டுக்குப் போய்விடுவார். பாலியல் சிகிச்சையாளரிடம் அனுப்புவது ஆடம்பரம் இல்லை.

மெத்தம்பெட்டமைன் பழக்கத்துக்கென்று இங்கே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. அமெரிக்காவில் நால்ட்ரெக்ஸோன் ஊசியோடு புப்ரோபியான் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய ஆய்வில், 2021இல் வெளியானது, பலன் தெரிந்தவர்கள் 13.6 சதவீதம், டம்மி மருந்தில் 2.5. பலன் உண்டு, ஆனால் சிறியது. போதைப் பரிசோதனை நெகட்டிவ் வந்தால் சிறு பரிசு தரும் முறைக்குத்தான் இப்போதைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எல்லா ஊரிலும் அது கிடைப்பதில்லை என்பது என் நிரந்தர வருத்தம்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாத நாட்கள் வரும். மாதம் ஒருமுறையாவது மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். தர மறுத்தால் மறுபடி கேளுங்கள்.

சரி, எழுந்து போனவர். நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அவர் காதில் விழுந்தது, வீட்டிலும் பள்ளியிலும் தனக்குள்ளும் ஆயிரம் முறை கேட்ட அதே வாக்கியம். அவர் போனதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். செய்தி அனுப்ப அவர் சம்மதித்திருக்கிறாரா என்று கோப்பில் பாருங்கள். சம்மதம் இருந்தால், கிளினிக் பெயரையோ காரணத்தையோ போடாமல், இந்த அளவுக்கு எழுதுங்கள்: "போன வாரம் நான் அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன். மன்னிக்கவும். இந்தச் செவ்வாய் நாலு மணிக்கு மேல் நான் இருப்பேன். என்னைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, வேறு ஒருவரையும் ஏற்பாடு செய்கிறேன்." வராவிட்டால் ஒரு மாதம் கழித்து இன்னும் ஒன்று. அதற்கு மேல் துரத்த வேண்டாம். வந்தால், முன்பு பேசியதைக் கிளறாமல், தண்ணீர் கொடுத்து, "இந்த வாரம் தூக்கம் எப்படி?" என்று கேளுங்கள்.